'ஃபெயில்சேஃப் போட்டாயிற்று' என்பவர்களை நம்பாதீர்கள்: ஏரிக்குள் போனது என் 38,500 ரூபாய்

38,500 ரூபாய். நான்கு விசிறி ட்ரோனுக்கான உதிரிபாகங்கள், ரிமோட், அதன் சிக்னலை ட்ரோனில் வாங்கும் ரிசீவர், எல்லாவற்றையும் பூட்டி ரிமோட்டை புரோகிராம் செய்து தரும் கூலி என்று மொத்தமாக எண்ணி வைத்த பணம். இன்று அது ஏரித் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

உதிரிபாகம் விற்று, 'செட்டிங் முழுவதும் எங்கள் பொறுப்பு' என்று தனியாகக் கூலியும் வாங்கும் வகைக் கடை அது. பொருளை வாங்கும்போது நான் கேட்டது ஒரே கேள்விதான்: "சிக்னல் போய்விட்டால் என்ன ஆகும்?" கடைக்காரர் சிரித்துக்கொண்டே ரிமோட்டை எடுத்தார். வலது மூலையில் இருந்த சுவிட்சைக் கீழே தட்டினார். மடிக்கணினித் திரையில் 'ஆர்.டி.எல்' என்ற எழுத்து வந்தது. "பாருங்கள் சார், புறப்பட்ட இடத்துக்கே தானாகத் திரும்பி வந்துவிடும். ஃபெயில்சேஃப் போட்டாயிற்று, கவலையே வேண்டாம்" என்றார். அந்த நிமிடத்தில்தான் மீதிப் பணத்தையும் கொடுத்தேன்.

ஃபெயில்சேஃப் என்றால் சிக்னல் அறுந்ததும் ட்ரோன் தானாகவே எடுக்கும் பாதுகாப்பு நடவடிக்கை. அவர் காட்டியது அதுவே அல்ல. சுவிட்சைத் தட்டினால் திரும்புவது வேறு, சிக்னல் அறுந்தால் திரும்புவது வேறு. சிக்னல் அறுந்த பிறகு எந்தச் சுவிட்சைத் தட்டி என்ன பயன்? ரிமோட்டிலிருந்து ஒவ்வொரு கட்டளையும் ஒரு தனிச் சானலில் போகும், அதன் அளவைத் துடிப்பின் நீளமாகச் சொல்வார்கள். விசிறி வேகத்துக்கான த்ராட்டில் சானலின் சாதாரணக் குறைந்த அளவு 1,000 மைக்ரோ விநாடியை ஒட்டி இருக்கும். சிக்னல் போனதும் ரிசீவர் அதைவிடக் கீழே இறக்கிக் காட்ட வேண்டும். ட்ரோனை ஓட்டும் மென்பொருளான ஆர்டுபைலட்டில் வழக்கமான எல்லை 975. இந்த முறையில், அதற்குக் கீழே போனால்தான் ட்ரோனின் மூளையான ஃபிளைட் கன்ட்ரோலருக்குத் தொடர்பு அறுந்தது புரியும். இதை ரிமோட்டை அணைத்துத்தான் சோதிக்க முடியும். அவர் அணைக்கவே இல்லை.

வீட்டில் திரையோடு இணைத்துப் பார்த்தபோதே ஒரு கோளாறு தெரிந்தது. ரிமோட் குச்சியை நேராக முன்னே தள்ளினால் பக்கவாட்டுச் சானலும் சேர்ந்து நகர்ந்தது. தொலைபேசியில் சொன்னேன். "ட்ரிம் (குச்சியின் நடுநிலையைச் சற்றே நகர்த்துவது) செய்துகொள்ளுங்கள் சார், பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று வைத்துவிட்டார்.

ஏரிக்கரையில் பறக்கவிட்டேன். முன்னே தள்ளியபடி உயரத்தைச் சற்றே குறைத்துக்கொண்டிருந்த நேரம், பனைமரங்களுக்கு அப்பால் தொடர்பு அறுந்தது. ரிமோட் திரையில் ரிசீவர் மின்னழுத்த எண் மறைந்தது. குச்சியை விட்டேன், நிற்கவில்லை. சுவிட்சைத் தட்டினேன், திரும்பவில்லை. கடைசியாக என் கை கொடுத்த கட்டளையையே பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில், அதே சரிவில், கோணலாகத் தண்ணீருக்குள் இறங்கியது.

பிறகு விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் ரிமோட்டைத் திறந்து பார்த்தார். ஃபெயில்சேஃப் பக்கத்தில் எல்லாச் சானலுக்கும் 'ஆஃப்'. ஒரு குச்சியின் அசைவை இன்னொரு சானலோடு கலக்கும் மிக்ஸ் பக்கத்தில் எலிவான் 'ஆன்'. எலிவான் மிக்ஸ் என்பது வால் இல்லாத இறக்கை விமானத்துக்கு வேண்டியது. நான்கு விசிறி ட்ரோனில் கலக்கும் வேலை முழுவதையும் ஃபிளைட் கன்ட்ரோலரே செய்துகொள்ளும். ரிமோட் குச்சிகளைத் தனித்தனியாக அனுப்பினால் போதும். வேறு யாருக்கோ போட்ட அமைப்பை அப்படியே என் ரிமோட்டில் இறக்கிவிட்டு அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள்!

கேட்டதற்கு வந்த பதில்களைப் பாருங்கள். முதலில் "காற்று அதிகம் சார்". அடுத்து "மரம் மறைத்திருக்கும்". மரம் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்குத்தானே ஃபெயில்சேஃப்? அதற்கு, "செட்டிங்குக்கு வாரண்டி கிடையாது, ரசீதைப் பாருங்கள்". அதன் பிறகு முதலாளி எப்போதும் வெளியூரில்தான் இருக்கிறார். 38,500 ரூபாயில் கூலியையாவது திருப்பித் தாருங்கள் என்றேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களே, விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. விசிறிகளைக் கழற்றச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் ரிமோட்டை அணைக்கச் சொல்லுங்கள். திரையில் த்ராட்டில் எண் எல்லைக்குக் கீழே விழுந்து 'ஃபெயில்சேஃப்' என்று வந்தால் மட்டும் பணம் கொடுங்கள். மிக்ஸ் பக்கத்தையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரிசீவரை ரிமோட்டோடு மறுபடி பைண்ட் செய்தால் (ஜோடி சேர்த்தால்) இத்தனையையும் மறுபடி சோதியுங்கள். ரசீதில் 'செட்டிங் கட்டணம்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள், ஃபெயில்சேஃப் சோதித்துக் காட்டப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.