கோத்தகிரிக் குளிரில் சிக்காஃப்ளெக்ஸ் 295 யூவி

வீட்டிலேயே கட்டும் விமானத்துக்குக் கேனோபி (உட்காரும் இடத்தை மூடும் ஒளி ஊடுருவும் மூடி) ஒட்ட எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சிக்காஃப்ளெக்ஸ் 295 யூவி என்ற பசை, கூடவே பசைக்கு முன்னால் பூசும் சிக்கா பிரைமர் 209. விலை கொஞ்சம் உறைக்கும். ஆனாலும் வாங்கலாம்.

விமானம் என்னுடையது இல்லை, சித்தப்பாவுடையது. விமானப்படைப் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு இரண்டு பேர் உட்காரும் வண்டி ஒன்றைக் கட்டுகிறார். நான் டீ ஃபேக்டரி மெயின்டனன்ஸ் ஆள். லீவு நாளில் போய்க் கை கொடுப்பேன்.

ஸ்க்ரூ போட்டு முறுக்கினால் வேலை முடிந்ததே என்று நானும் கேட்டேன். கேனோபி கண்ணாடி இல்லை, அக்ரிலிக். சூட்டில் அது இரும்பைவிட ஐந்தாறு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி ஏறினால் அக்ரிலிக் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். இரும்புக் குழாய் ஃப்ரேம் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. விடியலில் இங்கே 8 டிகிரியில் நின்ற வண்டியை மத்தியானம் மேட்டுப்பாளையம் வெயிலில் இறக்கி வைத்தால் அந்த 30 டிகிரி தாராளமாக வந்துவிடும். அந்த இழுபறியில் ஸ்க்ரூ ஓட்டையின் ஓரத்தில்தான் விரிசல் விடும். அமெரிக்காவில் வேன்ஸ் ஆர்வி என்ற கிட் விமானத்தை வீட்டில் கட்டுகிறவர்களில் பலர் ஓட்டை போடுவதை விட்டுவிட்டு இந்தப் பசைக்கு வந்ததும் இதற்காகத்தான். படகு ஜன்னல்களுக்கென்று வந்த பாலியூரித்தேன் இது. இறுகிய பிறகும் ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கும். ஆனால் பசை தடிமனாக இருந்தால்தான் இழுத்துக் கொடுக்கும். அதனால் ஃப்ரேம் நெடுக 3 மில்லிமீட்டர் ரப்பர் துண்டுகளை வைத்து இடைவெளி விட்டோம்.

ஹார்டுவேர் கடையில் பாத்ரூம் சிலிக்கானை நீட்டி, "இதையே கொண்டு போங்கண்ணா, மீன்தொட்டியே தாங்குது" என்றார் கடைப் பையன். வினிகர் வாடை வரும் அந்தச் சிலிக்கான் இறுகும்போது அமிலம் விடும், இரும்புக்கு ஆகாது. அது பட்ட இடத்தில் அப்புறம் பெயின்ட்டும் ஒட்டாது. வேண்டாம்.

பசையைவிட பிரைமர்தான் கவனம் கேட்கிறது. டப்பாவுக்குள் இருக்கும் குண்டு கடகடவென்று உருளும்வரை குலுக்க வேண்டும். அக்ரிலிக் ஓரத்தை ஸ்காட்ச்பிரைட்டால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒரே திசையில் துடைத்து, மெல்லிசாக ஒரே ஒரு கோட். போட்ட இடத்தில் பிரஷ்ஷைத் திரும்ப ஓட்டக் கூடாது. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் கிட்டே வரக் கூடாது. அக்ரிலிக்கில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடிவிடும். பிரைமர் கன்னங்கரேல் என்று இருப்பதிலும் காரியம் இருக்கிறது. அக்ரிலிக் வழியாக இறங்கும் வெயில் ஒட்டின இடத்தை அரிக்காமல் அந்தக் கருப்பு மறைத்துக்கொள்ளும். மலையில் புற ஊதாக் கதிர் அதிகம் என்பதால் நமக்கு இது இன்னும் முக்கியம். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படுவது அந்தக் கருப்புக் கோடுதான். எனவே மாஸ்கிங் டேப் ஒட்டுவதில் சோம்பல் கூடாது. சித்தப்பா ஸ்கேல் வைத்து ஒட்டினார், நான் ஒட்டியதையும் பிரித்து மறுபடி ஒட்டினார்.

இனி குளிர். 10 டிகிரிக்குக் கீழே பசையைத் தொடவே வேண்டாம்; 15க்கும் 25க்கும் நடுவே இருந்தால் கார்ட்ரிட்ஜிலிருந்து (பசை அடைத்த குழல்) சுகமாக வருகிறது. கார்ட்ரிட்ஜை வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்து எடுத்தோம். இந்தப் பசை காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். அதனால் நம்ம ஊர் மூடுபனி நல்லது என்று நினைக்கத் தோன்றும். காற்றில் இருக்கும் ஈரம் சரி, அக்ரிலிக் மேல் வேர்த்து நிற்கும் ஈரம் கூடாது. மஞ்சு விலகி வெயில் வந்து, கையால் தடவினால் வறட்டென்று இருக்கும் நேரம் பார்த்துத்தான் தொடங்கினோம். குளிரில் இறுகவும் நாளாகும். கேனோபியை அழுத்திப் பிடிக்கக் கட்டிய ஸ்ட்ராப்பைச் சித்தப்பா கழற்றவே விடவில்லை, போகிற வருகிறவர்களையெல்லாம் கொட்டகைக்கு வெளியிலேயே நிறுத்தினார்.

பிதுங்கியதை வழிக்கும்போது ஆல்கஹால் தொட்டு வழிக்காதீர்கள். சுத்தம் செய்ய நல்லதுதான், ஆனால் இறுகாத பாலியூரித்தேனில் பட்டால் அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். மாஸ்கிங் டேப்பைப் பசை ஈரமாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள். கையுறை கட்டாயம், ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

எங்களுக்குக் கடுப்பு ஏற்றியது வாங்கிய இடம்தான். கூரியரில் வந்த பிரைமர் டப்பா காலாவதி ஆவதற்குச் சொற்ப நாளே இருந்தது, மாற்றித் தர இழுத்தடித்தார்கள். திறந்த பிரைமர் ஈரம் ஏறிக் கெட்டுப்போகும் என்பதால் பெரிய டப்பாவும் வீண். சின்னதாகக் கேளுங்கள், டப்பாவில் அச்சடித்த தேதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் போடுங்கள். கார்ட்ரிட்ஜ் மட்டும் கணக்குக்கு மேல் ஒன்று இருக்கட்டும். பாதி ஓரத்தில் பசை தீர்ந்தால் இங்கிருந்து கோயம்புத்தூர் போய் வருவதற்குள் போட்டது தோல் கட்டிவிடும்.