பிஎச்பிமைஅட்மின்: பயன்படுத்துகிறேன், ஆனால் திறந்த வெளியில் அல்ல

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளங்களை உலாவியிலிருந்தே நிர்வகிக்க, பிஎச்பி நிரல்மொழியில் எழுதப்பட்ட பிஎச்பிமைஅட்மின் என்ற மென்பொருளைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். அட்டவணையின் அமைப்பை மாற்றுவது, ஒரே ஒரு பதிவைத் திருத்துவது, எஸ்க்யூஎல் கோப்பாக ஏற்றுமதி செய்வது போன்ற அன்றாட வேலைகளில் அது என்னைக் கைவிட்டதில்லை. பெரிய கோப்புகளை இறக்குமதி செய்யும்போது மட்டும் பிஎச்பியின் பதிவேற்ற வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும்.

என் பழக்கத்தை மாற்றியது 2018 ஜூனில் வெளியான பாதுகாப்பு அறிவிப்பு. 4.8.0, 4.8.1 பதிப்புகளில், முகவரியோடு வரும் கோப்புப் பெயரைக் குறிவிலக்கி (%3f போன்ற குறியீட்டை மீண்டும் எழுத்தாக்கி), கேள்விக்குறிக்கு முன்னுள்ள பகுதியை மட்டும் அனுமதிப் பட்டியலோடு ஒப்பிட்ட நிரல், இயக்கும்போது குறிவிலக்காத முழுப் பெயரையும் எடுத்துக்கொண்டது. எனவே கேள்விக்குறியை இருமுறை குறியேற்றி, அதன் பின்னால் மேலடைவுக்குச் செல்லும் இரட்டைப் புள்ளிகளை அடுக்கினால், சர்வரின் வேறு கோப்புகளை எட்டிவிடலாம். நாம் தட்டச்சிடும் வினவல், உள்நுழைந்தவரின் விவரங்களைச் சர்வர் சேமித்துவைக்கும் அமர்வுக் கோப்பில் பதிவாவதால், வினவலுக்குள் பிஎச்பி நிரலைப் பொதிந்து, அந்த அமர்வுக் கோப்பையே இயக்கச் செய்யவும் முடிந்தது. தரவுத்தளக் கடவுச்சொல் மட்டும் வைத்திருப்பவர் சர்வரிலேயே நிரலை ஓட்டலாம் என்பதே இதன் பொருள்.

உள்நுழைந்தவரால்தான் இது முடியும் என்று படித்ததும் நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். ஆனால் எந்தச் சர்வரோடும் இணைய அனுமதிக்கும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், தாக்குபவர் தன்னுடைய மைஎஸ்க்யூஎல் சர்வரின் முகவரியைக் கொடுத்து, தன் கடவுச்சொல்லாலேயே உள்ளே வந்துவிடலாம் என்ற வரியில் கண் நின்றது. சோதனைச் சர்வர் ஒன்றில் அந்த அமைப்பை வசதிக்காக இயக்கி வைத்திருந்தவன் நானேதான். அன்று மாலையே 4.8.2 பதிப்புக்கு மாறினேன்.

பிறகு அணுகல் பதிவேட்டைப் புரட்டியபோது, பிஎம்ஏ, டிபிஅட்மின் என்று அடைவின் பெயரை மாற்றி மாற்றித் தட்டிப்பார்த்த கோரிக்கைகள் வரிசையாக 404 (அப்படியொரு பக்கம் இல்லை) என்ற விடையோடு நின்றன. 2009இல் ஓட்டை கண்டறியப்பட்ட நிறுவல் கோப்பைக்கூட இன்னும் யாரோ தேடிக்கொண்டிருந்தார்கள். அடைவின் பெயரை மாற்றினால் போதும் என்ற அறிவுரையை அத்துடன் விட்டுவிட்டேன்.

இப்போது பிஎச்பிமைஅட்மின் 127.0.0.1 முகவரியில், அதாவது சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய முகவரியில் இயங்குகிறது. எஸ்எஸ்எச் சுரங்கம் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாகத்தான் திறக்கிறேன், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் உள்நுழைவதில்லை. 2012இல், மென்பொருள்களைத் தரவிறக்கும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் பிரதித் தளம் ஒன்றிலிருந்த 3.5.2.2 தொகுப்பில், தாக்குபவர் நுழைவதற்கான பின்வாசல் திணிக்கப்பட்டிருந்ததை அறிந்த பிறகு, உருவாக்கியவர்களின் மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் எந்தப் பதிப்பையும் நிறுவுவதுமில்லை. வெளியில் இருக்கும்போது கைபேசியில் சட்டென்று திறந்து ஒரு பதிவைத் திருத்தும் வசதி போய்விட்டது. அந்த ஒன்றுக்காக மாதம் ஒருமுறையாவது சலித்துக்கொள்கிறேன்.