சிம் கடையில் இரண்டாவது முறை விரல் வைக்கச் சொன்னால் வைக்காதீர்கள்

பதினொரு வருடமாக போஸ்ட்பெய்டில் இருந்தவன் நான். 449 ரூபாய் பிளான், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மாதம் 530 ரூபாய் பில். வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை இருக்கிறது. டேட்டாவில் பாதிகூடச் செலவாவதில்லை. வேறொரு கம்பெனி ப்ரீபெய்டில் 299 என்றதும் மனசு அங்கே போய்விட்டது. அந்த 299 மாதத்துக்கு அல்ல, 28 நாளுக்கு என்பதும், வருடத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டும் என்பதும் தெரியும். அப்படியும் 2,400 ரூபாய்க்கு மேல் மிச்சம். கணக்கில் நான் ஏமாறவில்லை.

பழைய பில்லைக் கட்டிவிட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறுவதற்கான எட்டு எழுத்து போர்ட் கோடு வாங்கினேன். அது நான்கு நாள்தான் செல்லும். அந்த அவசரத்தில் ஷோரூமுக்குப் போகாமல், தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே குடை போட்டு நின்ற பையனிடம் போனேன்.

பையன் மரியாதையாகத்தான் பேசினான். "ஆதார் நம்பர் சொல்லுங்க சார். விரலை வைங்க." வைத்தேன். போட்டோ எடுத்தான். போனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சர்வர் எரர் சார், இன்னொரு தடவை வைங்க" என்றான். ரேஷன் கடையில் நான்கு தடவை தேய்த்தாலும் ரேகை விழாத ஊர் இது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. மறுபடி வைத்தேன். மறுபடி போட்டோ. "வெயில்ல கண்ணு மூடிட்டீங்க சார்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் என் நம்பர் புதுக் கம்பெனிக்கு மாறிவிட்டது. சிக்னல் நன்றாக இருந்தது. ஆபீஸில் நாலு பேருக்கு இதையே சிபாரிசு செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து, நண்பர் ஒருவர் சொன்னார் என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் என் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும். இரண்டு இருந்தது. அடுத்து ஆதார் தளத்தில் கைரேகை பயன்படுத்திய வரலாற்றைத் திறந்தேன். அதே நாள், ஆறு நிமிட இடைவெளியில் இரண்டு பதிவு. இரண்டுமே வெற்றி. எரரும் இல்லை, மண்ணும் இல்லை. முதல் ரேகையில் எனக்கு சிம், இரண்டாவதில் யாருக்கோ சிம்.

ஓடிப்போய்ப் பார்த்தால் குடையைக் காணோம். கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, "உங்க விரல்தானே சார், நீங்கதானே வெச்சீங்க?" என்றார். பணம் போனதைவிட (அதுவும் போகவில்லை) இந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. கம்பெனியின் புகார் லைனான 198-இல் புகார் கொடுத்து, பதிவு எண் வாங்கினேன். இரண்டே நாளில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ். என்ன தீர்த்தார்கள் என்று அவர்களுக்காவது தெரியுமா?

உருப்படியாக நடந்தது சஞ்சார் சாத்தியில்தான். அந்த எண்ணுக்கு எதிரே "என் எண் அல்ல" என்று தேர்ந்தெடுத்தேன். சில வாரங்களில் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஆனால் நடுவில் அதை வைத்து யார் யாரை மிரட்டினார்கள், எத்தனை பேரிடம் ஓடிபி கேட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்குப் போலீஸ் தேடி வந்தால் என் வீட்டுக்குத்தான் வரும். அதனால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸ் தரும் சீட்டு) வாங்கி வைத்திருக்கிறேன். அந்த ஆதார் வரலாறு ஆறு மாதத்துக்குத்தான் காட்டும். அதையும் பிரின்ட் எடுத்து இணைத்துவிட்டேன்.

ப்ரீபெய்டுக்கு மாறுவதாக இருந்தால் தாராளமாக மாறுங்கள். ஷோரூமிலேயே செய்யுங்கள். கைரேகை விழவில்லை என்று சொன்னால், திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஆதார் வரலாற்றைப் பாருங்கள். ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு, இலவசம். நான் பூட்டிவிட்டேன். ஆனால் ரேஷன் கடைக்குக் கிளம்பும் முன் திறக்க மறந்துவிடாதீர்கள். நான் மறந்து, வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிம் விற்பவர்கள் எல்லோரும் கம்பெனியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2023-இல் விதி வந்தது. ஆக, அந்த இரண்டாவது சிம்மை ஆக்டிவேட் செய்தது யார் என்று கம்பெனிக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. 198 புகாரை அப்படி மூடியதை எதிர்த்து கம்பெனியிடமே செய்த மேல்முறையீட்டில் அந்த ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன். 39 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று 22-ஆம் நாள்.