அதிகம் ஓடாத மஸில் கார்: டீலரிடமா, நேரடியாகவா, இணைய ஏலத்திலா?

மஸில் கார் என்பது பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க வேகக் கார். அதில் 2019 டாட்ஜ் சேலஞ்சர் ஸ்காட் பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6.4 லிட்டர் ஹெமி வி8 எஞ்சின், 485 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். ஓடியது மொத்தமே 14,000 மைல். விபத்தில்லை, ஒரே உரிமையாளர், வருடா வருடம் ஆயில் மாற்றிய ரசீது கைவசம் இருக்கிறது. அமெரிக்காவில் இதை விற்க நினைப்பவருக்கு வழிகள் பல. டீலரிடம் புது வண்டிக்கு ஈடாகக் கொடுக்கலாம் (டிரேட்-இன்). கார்மேக்ஸ், கார்வானா மாதிரி உடனே விலை சொல்லும் நிறுவனங்களிடம் தள்ளிவிடலாம். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் போட்டு நேரடியாக விற்கலாம். பிரிங் எ டிரெய்லர், கார்ஸ் அண்ட் பிட்ஸ் போன்ற இணைய ஏலத்துக்கும் அனுப்பலாம். இந்த அலசல் இணைய ஏலத்தின் பக்கம்தான் சாய்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது.

டீலரும் உடனடி விலை நிறுவனங்களும் அடிப்படையில் ஒரே கணக்குத்தான் போடுகிறார்கள். மன்ஹெய்ம் போன்ற மொத்த ஏலச் சந்தையில் அந்த மாடல், அந்த மைலேஜ் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, அதில் சீர்செய்யும் செலவையும் லாபத்தையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்வார்கள். வண்டி கொட்டகைக்குள் போர்வை போர்த்தியே நின்றதையும், பிரேக் ஆயிலைத் தவறாமல் மாற்றியதையும் நிரப்ப அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. பராமரித்த காசு அங்கேயே கரைந்துபோகிறது. ஆனால் அரை மணி நேரத்தில் வேலை முடியும். வண்டி மேல் கடன் பாக்கி இருந்தால் அதையும் அவர்களே அடைத்துவிடுவார்கள். இந்த இரண்டும் சின்ன விஷயமில்லை.

டிரேட்-இன்னில் பலர் கணக்கில் விடும் ஒன்று விற்பனை வரி. டெக்சாஸில் வாகன வரி 6.25 விழுக்காடு. பழைய வண்டிக்கு டீலர் தரும் தொகையைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் வரி. 36,000 டாலருக்கு ஈடாக எடுத்தால் 2,250 டாலர் வரி மிச்சம், ஆக அந்த விலை உண்மையில் 38,250. கலிஃபோர்னியாவில் இந்தக் கழிவு கிடையாது, 36,000 என்றால் 36,000தான். புது வண்டி வாங்கப்போகிறவர் தன் மாநில விதியைப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம். சில சமயம் இந்த ஒரு வரியிலேயே முடிவு வந்துவிடும்.

நேரடி விற்பனையில் கிடைப்பது முழு விலை, கமிஷன் இல்லை. ஆனால் 485 குதிரைத்திறன் வண்டிக்கு விளம்பரம் போட்டால் முதலில் வருபவர்களில் பாதிப் பேர் ஓட்டிப் பார்க்கும் ஆசையில் வருகிறவர்கள். ஓட்டுநர் உரிமம், காப்பீடு இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு, பணம் தயார் என்பதற்கு வங்கிக் கடிதமோ கடன் ஒப்புதலோ பார்த்த பிறகே சாவி. முதல் சுற்று விற்பவரே ஓட்டிக் காட்டுவது நல்லது. ‘இந்தத் தளத்தில் வண்டியின் வரலாற்று அறிக்கை வாங்கி அனுப்புங்கள்’ என்று கேள்விப்படாத இணைப்பை அனுப்புகிறவர் வாங்க வரவில்லை, உங்கள் அட்டை எண்ணை எடுக்க வந்தவர். கேஷியர்ஸ் செக்கை, அதாவது வங்கியே எழுதித் தரும் செக்கை, வீட்டு வாசலில் வாங்கவே கூடாது. போலிச் செக்கைப் போட்டாலும் வங்கி முதலில் கணக்கில் வரவு காட்டும், நாள் கழித்துத்தான் திரும்பும். அதற்குள் வண்டி வேறு மாநிலத்தில் இருக்கும். வாங்குபவரின் வங்கிக் கிளைக்கே போய், காசாளர் கண்முன் செக் எழுதுவதைப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் வயர் டிரான்ஸ்ஃபர் (வங்கிக்கு வங்கி அனுப்பும் பணம்) வந்து சேர்ந்ததை உங்கள் வங்கி வாயாலேயே கேட்டுவிட்டு டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) கையெழுத்துப் போடுங்கள். ரொக்கம் 10,000 டாலருக்கு மேல் கட்டினால் வங்கி அரசுக்குத் தகவல் அனுப்பும். அது வழக்கமான நடைமுறை, பயப்பட ஒன்றுமில்லை. அதைத் தவிர்க்கத் தொகையைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவதுதான் குற்றம்.

இணைய ஏலத்தில் வாங்குபவரிடம் சுமார் ஐந்து விழுக்காடு கட்டணம் வசூலிப்பது வழக்கம், அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. ‘கட்டணம் அவர் தலையில்தானே’ என்று விற்பவர் நிம்மதியாக இருக்க முடியாது. கையில் 42,000 வைத்திருப்பவர் கட்டணத்தை மனதுக்குள் கழித்துவிட்டு 40,000 வரைதான் கேட்பார். ஆக, நேரடி விற்பனையை விட 2,000 டாலர் பள்ளத்தில்தான் ஏலம் தொடங்குகிறது. அந்தப் பள்ளத்தை மேடாக்குவது எது? மைலேஜ் இல்லை. பராமரிப்பு ரசீதுகளைச் சேர்த்துவைத்த கோப்பு.

குறைந்த மைலேஜ் அபூர்வம் என்ற நினைப்பு இந்த வண்டிகளுக்குப் பொருந்தாது. சேலஞ்சர், ஆறாம் தலைமுறை செவ்ரோலெ கமாரோ இரண்டின் உற்பத்தியும் 2023 டிசம்பரோடு நின்றது. நிற்கப்போகிறது என்று முன்பே தெரிந்ததால் வாங்கிப் பூட்டிவைத்தவர்கள் ஏராளம். சேலஞ்சரின் உச்ச வகையான 2018 டீமன் 3,300 வண்டிதான் கட்டப்பட்டது, அதிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை அடிக்கடி சந்தைக்கு வருகின்றன. ஒரே மைலேஜில் நாலு வண்டி நிற்கும்போது, நின்ற காலத்தில் யார் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார் என்பதுதான் விலையைப் பிரிக்கிறது. டீலர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மார்க்கெட்பிளேஸ் ஆள் கேட்பார், ஆனால் பதிலை எடைபோடத் தெரியாது. ஏலத்தில் கேட்பவர்களுக்குப் பதிலின் மதிப்பு தெரியும், தெரிந்தவர் இரண்டு பேர் மோதினால் போதும்.

நின்ற வண்டிக்கு வரும் நோய் ஓடிய வண்டிக்கு வரும் நோய் அல்ல. முதல் சந்தேகம் டயர். பக்கவாட்டில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு இலக்கம் 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டை புதிதாக இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். ஆறு வருடம் தாண்டினால் மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. இருபது அங்குலச் சக்கரத்துக்கு நாலு டயர் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஓட்டுவதற்கென்று விற்கும் ஸ்காட் பேக்குக்குப் புது டயர் போட்டு ரசீதைக் காட்டுவது லாபம். டீமனுக்கோ, ஃபோர்டு மஸ்டாங்கின் சிறப்பு வகையான ஷெல்பி ஜிடி350ஆர் வண்டிக்கோ பழைய டயரைத் தொடாதீர்கள். அங்கே தொழிற்சாலையில் மாட்டிய டயரே சேகரிப்பாளர் கேட்கும் பொருள்.

அடுத்தது ஆயில். 6.4 ஹெமிக்கு 0டபிள்யூ-40 வகை ஆயில் ஏழு குவார்ட் வேண்டும் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்). 1,500 மைலே ஓடியிருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் சூடேறாத குறுகிய ஓட்டத்தில் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் தங்கும். நீங்களே மாற்றியிருந்தால் ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீதில் தேதியும் ஓடோமீட்டரும் எழுதி வையுங்கள், கடை முத்திரை இல்லாவிட்டாலும் ஏற்பார்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுப்பதால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றம். பேட்டரி சேலஞ்சரில் டிக்கியில் இருக்கிறது. நிறுத்திய காலம் முழுக்கச் சார்ஜரில் இருந்ததா என்று கேட்பார்கள். எலி கடித்த வயர் உண்டா என்றும் கேட்பார்கள், எஞ்சின் அறையைத் திறந்து காட்டும் படம் அதற்குப் பதில்.

பிறகு, ஒவ்வொரு மாடலுக்கும் ஊரறிந்த குறை ஒன்று உண்டு. ஏலத்தில் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வரும். ஹெமியில் குளிர்ந்த நிலையில் ‘டிக் டிக்’ சத்தம் வந்து சூடேறியதும் மறைந்தால், பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்) போல்ட் உடைந்திருக்கும். சூடான பிறகும் நிற்காவிட்டால் கோளாறு லிஃப்டரிலும் கேம்ஷாஃப்டிலும், அதாவது வால்வுகளை இயக்கும் உள்பாகங்களில், அது பெரிய செலவு. அதனால்தான் ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினை பானெட் திறந்தபடி ஸ்டார்ட் செய்யும் வீடியோ இல்லாமல் பட்டியலிட வேண்டாம். 2016–18 கமாரோ எஸ்எஸ் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் லேசான நடுக்கம் வரும், டிரான்ஸ்மிஷன் ஆயிலைப் புது வகைக்கு மாற்றியதற்கான ரசீது இருந்தால் கேள்வியே எழாது. ஜிடி350இன் 5.2 லிட்டர் எஞ்சின் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனது. எத்தனை மைலுக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்ற குறிப்பேடு அங்கே பொன்.

மாற்றம் செய்யாத வண்டி என்று சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். 2015க்குப் பிந்தைய டாட்ஜில் டியூன் போட, அதாவது எஞ்சின் மென்பொருளை மாற்ற, எஞ்சின் கணினியான பிசிஎம்மின் பூட்டைத் திறந்தாக வேண்டும், ‘பிசிஎம் திறந்ததா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். எக்ஸாஸ்ட் மாற்றியிருந்தால் பழையதைத் திரும்ப மாட்டுங்கள். மாட்ட முடியாவிட்டால் பழைய பாகத்தை வண்டியோடு கொடுங்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்த வண்டியைக் கலிஃபோர்னியாக்காரர் பதிவே செய்ய முடியாது, ஆகப் பெரிய ஒரு மாநிலமே ஏலத்திலிருந்து விலகிவிடும். டாட்ஜின் ஹெல்கேட் வகை என்றால் இரண்டு சாவியும் வேண்டும். சிவப்புச் சாவி முழுக் குதிரைத்திறனையும் திறக்கும், கறுப்புச் சாவி 500இல் நிறுத்தும். சிவப்பு இல்லாமல் ஹெல்கேட் விற்பது தாலி இல்லாமல் கல்யாணம் மாதிரி. டீமனுக்கு அதோடு வந்த ‘டீமன் கிரேட்’ என்ற பாகப் பெட்டி வேண்டும், உள்ளே ஒல்லி முன்சக்கரங்களோடு. ஜன்னலில் ஒட்டி வந்த விலைத்தாளின் அசல் எல்லா வண்டிக்கும் வேண்டும்.

பெயின்டையும் சொல்லிவிட வேண்டும். வாங்குபவர் அனுப்பும் பரிசோதகர் தடிமன் மானி கொண்டுவருவார். தொழிற்சாலைப் பூச்சு சுமார் 100 முதல் 180 மைக்ரான். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் மறுபூச்சு என்று அர்த்தம். இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள், அவர் கண்டுபிடித்தால் ஆயிரம் போகும், நீங்கள் சொன்னால் நூறோடு முடியும். சேலஞ்சர், சார்ஜர் முன்பக்கத்தில் தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது பாதுகாப்புக்கு மாட்டிய மஞ்சள் பிளாஸ்டிக்கை அழகென்று கழற்றாமல் விட்டவர்கள் உண்டு. அதற்குள் மண் சேர்ந்து கீழே பெயின்டை உரசித் தின்றிருக்கும். படம் எடுக்கும் முன் கழற்றிப் பாருங்கள்.

ஏலத்தின் தொல்லைகளையும் மறைக்க வேண்டாம். படம் நூற்றுக்கு மேல் வேண்டும், அடிப்பகுதி உட்பட. பட்டியலிட வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். ஏலம் நடக்கும் ஏழு நாளும் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நாள் மௌனமானால் சந்தேகம் முளைத்துவிடும். குறைந்தபட்ச விலையைத் தொடாமல் ஏலம் முடிந்தால் விலைபோகாத அந்தத் தொகை இணையத்தில் நிரந்தரமாக நிற்கும், அடுத்து வருபவர் அதிலிருந்துதான் பேரம் தொடங்குவார். அதனால் குறைந்தபட்ச விலையை ஆசைக்கு வைக்காதீர்கள். கார்மேக்ஸ் சொன்ன விலைக்குச் சற்று மேலே வைத்தால் போதும். அவர்கள் விலை ஏழு நாள்தான் செல்லும், ஏல வாரத்தில் மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் முதலில் அடைத்து டைட்டிலைக் கையில் வாங்கிய பிறகு ஏலத்துக்கு வாருங்கள். தூர மாநிலத்து ஆள் டைட்டில் இல்லாத வண்டிக்கு மனம் விட்டுக் கேட்க மாட்டார்.

மேடை ஏலங்கள், அதாவது மீகம், பாரெட்-ஜாக்சன் போன்றவை, டெலிவரி மைலோடு, அதாவது வாங்கியபின் ஓட்டாமலே, நிற்கும் டீமன் மாதிரி வண்டிகளுக்கு. போக்குவரத்துச் செலவு, விற்பவர் கமிஷன் இரண்டும் உங்களுடையது. மேடையில் இரண்டு மூன்று நிமிடம்தான், அந்த நிமிடத்தில் சரியான இரண்டு பேர் அரங்கில் இல்லாவிட்டால் கதை முடிந்தது. கோப்பைப் புரட்டிப் படிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஸ்காட் பேக்குக்கு வேண்டாம்.

நேரடி விற்பனை ஏலத்தை வெல்லும் இடமும் உண்டு. ஆட்டோமேட்டிக் மஸ்டாங் ஜிடி, சாதாரண நிறம், நாற்பதாயிரம் மைல் என்றால் ஏலத்தில் அதற்குத் தனி மவுசு கிடையாது, அந்த ஐந்து விழுக்காட்டை விட்டுக்கொடுப்பதில் அர்த்தமில்லை. ரசீது தொலைத்தவருக்கும் இதே பதில். மிச்சிகன் மாதிரிப் பனி ஊரில் இருப்பவர் எந்த வழி எடுத்தாலும் மார்ச் வரை பொறுங்கள். ஜனவரியில் பின்சக்கர இழுப்பு வி8 வாங்க மனம் வருபவர் குறைவு.

விற்ற அன்றே செய்ய வேண்டியவை ஏலத்துக்கும் நேரடிக்கும் பொது. 2011 மாடலுக்கும் அதற்குப் பிந்தைய வண்டிக்கும் ஓடோமீட்டர் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டே ஆக வேண்டும், இருபது வருடத்துக்கு அந்த விதி. கலிஃபோர்னியாவில் நாலு வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்குப் புகைச் சான்றிதழ் விற்பவர் பொறுப்பு, ஐந்து நாளுக்குள் கைமாற்ற அறிவிப்பும் பதிவு செய்ய வேண்டும். நம்பர் பிளேட் அங்கே வண்டியோடு போகும், ஃப்ளோரிடாவில் கழற்றிக்கொள்ள வேண்டும். கழற்றாமல் அனுப்பினால் புது முதலாளி தாண்டும் ஒவ்வொரு சுங்கச்சாவடியின் பில்லும் உங்கள் வீட்டுக்கு வரும்.