ஜப்பான் ஹோட்டல் வேலைக்கு "ஸ்கீ செட்" கட்டாயம் என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் ஜப்பான் மொழி வகுப்புக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்காகக் கடன்படும் அம்மா அப்பாக்களுக்கும் இதை எழுதுகிறேன். "பனிமலை ஹோட்டலுக்குப் போறவங்க சொந்தமா ஸ்கீ செட் கொண்டு போகணும், இல்லாட்டி ஃபைல் நகராது" என்று சொல்லி ஓர் ஏஜென்சி என் தம்பியிடம் 185,000 ரூபா வாங்கியது. ஸ்கீ செட் என்றால் பனியில் சறுக்கும் இரண்டு நீளப் பலகையும் அதற்கான பூட்ஸும். அவனோடு படித்த இன்னும் இரண்டு பேரிடமும் அதே தொகை. கொடுத்ததெல்லாம் ஜப்பானில் கழித்துவிட்ட பழைய சாமான். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் ஏஜென்சியின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அடுத்த வகுப்புக்கும் இதே பேச்சு தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

நான் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒரு பனிச்சறுக்கு ஊரில் ஹோட்டல் வேலை செய்கிறேன். வந்த புதிதில் அறை சுத்தம் செய்தேன். இப்போது கீழ்த்தளத்தில் விருந்தினருக்கு ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கும் பகுதியில் நிற்கிறேன். குளிர்காலம் முழுக்க ஸ்கீயைக் கையில் தூக்கி, துடைத்து, பூட்ஸுக்கு அளந்து கொடுப்பதுதான் என் வேலை. அதனால் லீவில் வீட்டுக்கு வந்து தம்பியின் நீளப் பையைத் திறந்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டல் வேலைக்கு ஸ்கீ தேவையே இல்லை. இலங்கையும் ஜப்பானும் 2019இல் உடன்படிக்கை செய்த குறிப்பிட்ட திறன் தொழிலாளர் விசாவில் தங்குமிடத் துறைக்குப் போகிறவர்களுக்கு வேண்டியது 18 வயது, மொழித் தேர்ச்சி, அந்தத் துறைத் தேர்வில் சித்தி. மொழிக்கு ஜேஎல்பிடி என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற ஜப்பான் மொழிப் பரீட்சை. எந்தப் பரீட்சையிலும் ஸ்கீ கேட்பதில்லை. என்னோடு வேலை செய்கிறவர்களில் பலர் ஒரு நாள்கூடச் சறுக்கியதில்லை. ஆசைப்படுகிறவர்கள் லீவு நாளில் வாடகைக்கு எடுத்துப் பழகுகிறார்கள்.

இனி அந்த மூன்று பைகளுக்கு வருகிறேன். மூன்று பேருக்கும் ஒரே விலை, ஒரே வார்த்தை: "ஓல் மவுண்டன், எல்லா மலைக்கும், எல்லாப் பனிக்கும் ஏத்தது." பில்லில் வெறும் "ஸ்கீ செட்" மட்டும்.

தம்பிக்குக் கொடுத்தது 165 சென்டிமீட்டர் பலகை. வால் பக்கம் 118, 67, 102 என்று அச்சடித்திருக்கிறது, வளைவு ஆரம் 12.7 மீட்டர். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும், பாதி ஏமாற்று அங்கேயே தெரிந்துவிடும். மூன்றும் மில்லிமீட்டர்: முன்பக்க அகலம், காலுக்குக் கீழே உள்ள இடுப்பு அகலம், வால் அகலம். ஆரம் குறையக் குறைய ஸ்கீ இறுக்கமாகத் திரும்பும். இடுப்பு 67, ஆரம் 13க்கும் குறைவு என்றால் அது சலாலம் பந்தயத்துக்குச் செய்த ஸ்கீ. காலையில் மெஷின் ஓட்டிச் சமப்படுத்திய கெட்டிப் பனியில், கம்பத்துக்குக் கம்பம் வெட்டி வெட்டித் திரும்புகிறவருக்கு அதைவிட நல்லது இல்லை. அதே ஸ்கீ ஹொக்கைடோவின் தை மாதப் புதுப்பனியில் இறங்கினால் முன்முனை அமிழ்ந்துவிடும். பழகாதவன் காலில் அது சும்மாவும் இருக்காது, விளிம்பு பிடித்துத் தானாகத் திரும்பி ஆளைக் கவிழ்க்கும். கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்துக் கொழுந்து பறிக்கச் சொல்வது மாதிரி.

தம்பியோடு படித்த பிள்ளைக்குக் கொடுத்தது இன்னும் மோசம். அவள் உயரத்தைவிட ஒரு முழத்துக்கு மேல் நீளம். முன்னும் நடுவும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே அகலத்தில் நேர்க்கோடாக இருந்தது. இடுப்பு ஒடுங்கி இரண்டு முனையும் விரிந்த வடிவம் 1990களில்தான் பரவியது. எலான் கம்பெனி 1993இல் எஸ்சிஎக்ஸ் என்ற ஸ்கீயைக் கொண்டுவந்த பிறகு பழைய நேர்ப்பலகைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகளிலிருந்து போய்விட்டன. அவளுக்கு விற்றது அந்தக் காலத்துச் சாமான், அதாவது அவள் பிறப்பதற்கு முந்தியது. அதன் அடிப்பக்கத்தில் கடைசி விலைச் சீட்டு பாதி கிழிந்து அப்படியே ஒட்டியிருந்தது: 1,100 யென், உத்தரவாதம் இல்லை. இரண்டாயிரம் ரூபா சொச்சம்.

மூன்றாவது பையில் இருந்தது உண்மையிலேயே ஓல் மவுண்டன் ஸ்கீ. இடுப்பு 98, நீளம் 177, முன்முனை மெல்ல மேலெழும்பி இருக்கிறது. ஆனால் ஒரு பலகையில் விளிம்பு இரும்பு பக்கச் சுவரை விட்டுப் பிளந்து நிற்கிறது, நகத்தை விட்டால் உள்ளே போகிறது. அதற்குள் ஈரம் போய் உறைந்தால் பிளவு மேலும் விரியும்.

ஓல் மவுண்டன் என்பதை ஒரே சாமான் என்று நம்பவைத்ததுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம். ஆகவே அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுவாக இடுப்பு 85க்குக் கீழே போனால் சமப்படுத்திய சரிவுக்கான ஸ்கீ, 105க்கு மேலே போனால் ஆழமான பவுடர் பனிக்கான ஸ்கீ. நடுவில் கிடப்பவை எல்லாம் ஓல் மவுண்டன் என்றுதான் விற்கப்படுகின்றன. அந்த நடுப்பகுதிக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. 85, 88 அளவில் உள்ளவை கெட்டிப் பனியில் சீக்கிரம் விளிம்பு மாற்றும், பெரும்பாலும் பாதையிலேயே ஓடுகிறவருக்குப் பொருந்தும். 95 முதல் 100 வரை உள்ளவை புதுப்பனியில் மிதக்கும், பலபேர் ஓடிக் குழம்பிய பனியிலும் தாங்கும், ஆனால் ஐஸில் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

அகலம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். நோர்டிகா கம்பெனியின் என்ஃபோர்சர் 94 என்ற ஸ்கீயில் இரண்டு டைட்டனால் உலோகத் தகடு இருக்கிறது. கெட்டிப் பனியில் வேகமாகப் போனாலும் அதிராது, ஆனால் அதை வளைக்கக் காலில் பலமும் பழக்கமும் வேண்டும். ஃபோல்க்ல் கம்பெனியின் மான்ட்ரா எம்6, இடுப்பு 96, அதுவும் உலோகம் சேர்ந்தது, விளிம்பில் ஏறி நீளமாக வளைந்து போகிறவர்கள் விரும்புவது. சலமோன் கியூஎஸ்டி 98 கிட்டத்தட்ட அதே அகலம்தான், ஆனால் உலோகத் தகட்டுக்குப் பதில் கார்பனும் ஆளி நாரும். இலேசு, முன்முனை நன்றாக எழும்பியது, மரங்களுக்கு நடுவே புதுப்பனியில் சுழன்று போகச் சுகம். ஐஸ் பிடித்த காலையில் முதல் இரண்டும் உறுதியாக நிற்கும். பனி கொட்டிய மறுநாள் நான் மூன்றாவதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

"அங்க மலை ரொம்ப உசரம், அதனால ஸ்பெஷல் ஸ்கீ" என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஹொக்கைடோவின் பேர்போன பனிச்சறுக்கு இடமான நிசெகோவின் அன்னுபுரி மலை 1,308 மீட்டர். ஹட்டன் டவுனே ஏறக்குறைய 1,270 மீட்டரில் இருக்கிறது, நம் பீதுருதாலகாலை 2,524 மீட்டர். அங்கே ஸ்கீயைத் தீர்மானிப்பது மலையின் உயரம் இல்லை, சைபீரியாவிலிருந்து வரும் காற்று. அது ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை எடுத்துவந்து ஹொக்கைடோவில் காய்ந்த, இலேசான பனியாகக் கொட்டுகிறது. மார்கழி முதல் மாசி வரை அந்தப் பனிக்கு அகலம் வேண்டும். பங்குனியில் பகலில் உருகி இரவில் உறைகிறது: விடியற்காலம் ஐஸ், மத்தியானம் கஞ்சி போல் கனத்த பனி. அப்போது அதே அகல ஸ்கீ காலை இழுக்கும். ஒரே ஊரில் இரண்டு மாத இடைவெளியில் இவ்வளவு மாற்றம் இருக்கும்போது, ஆளின் உயரம், நிறை, பழக்கம் எதையும் கேட்காமல் ஒரே விலைக்கு மூன்று பையைக் கட்டிக் கொடுத்தவர்களை என்னவென்று சொல்வது? புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த மூன்றில் எதுவுமே பொருந்தாது. இடுப்பு 75, 80 அளவில் மென்மையான, நாடிக்கும் மூக்குக்கும் இடையே வரும் நீளத்தில் ஒன்றுதான் முதல் குளிர்காலத்துக்குச் சரி. அதுவும் வாடகைக்கு.

இதுவரை சொன்னது பணம் போன கதை. இனிச் சொல்வது கால் போகக்கூடிய விஷயம், இதைத் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள்.

பூட்ஸைப் பலகையோடு கவ்விப் பிடிப்பது பைண்டிங். விழும்போது சரியான பலத்தில் அது விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் திருகும், எலும்பு முறியும். எந்தப் பலத்தில் விடவேண்டும் என்பதை ஆளின் நிறை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓடும் விதம் எல்லாம் பார்த்துப் பயிற்சி பெற்றவர் வைப்பார். தயாரிப்பாளர்கள் எந்தெந்த பைண்டிங்குக்கு இன்னும் பொறுப்பேற்கிறோம் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத பழையதை ஒழுங்கான கடை தொடவே தொடாது. தம்பியின் பைண்டிங்கில் பிளாஸ்டிக் மஞ்சளடித்து, குதிகால் பக்கம் வெடித்திருந்தது.

பூட்ஸின் அடியிலும் வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர எண் இருக்கிறது. பழைய வகை ஐஎஸ்ஓ 5355, நடக்க வசதியாக வளைந்த கிரிப்வோக் வகை ஐஎஸ்ஓ 23223, மலையேறிச் சறுக்குகிறவர்களுக்கு ஐஎஸ்ஓ 9523. கிரிப்வோக் பூட்ஸை அதை ஏற்காத பழைய பைண்டிங்கில் மாட்டினால் "கிளிக்" என்று பூட்டிக்கொள்வது போல் தோன்றலாம், விடவேண்டிய நேரத்தில் விடும் என்று நம்ப முடியாது. மூன்றாவது பையில் இருந்தது அந்தச் சேர்க்கைதான்.

பூட்ஸின் வெளிக்கூடு பெரும்பாலும் பாலியூரித்தேன். பாவிக்காமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் அது உள்ளுக்குள் சிதைந்துகொண்டே போகும். வெளியே பளபளப்பாகத் தெரியும், ஒருநாள் ஓட்டத்தின் நடுவே துண்டு துண்டாக உடையும். நுவரெலியாவின் ஈரத்தில் மூட்டை கட்டிக் கிடந்த பூட்ஸ் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பிள்ளையின் பூட்ஸில் கொக்கியை இழுத்து மாட்டினேன், கணுக்கால் பக்கம் விரிந்து வெடித்தது. வீட்டுத் திண்ணையில், காலில் போடாமலே. அவள் அதைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கியிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

மறுநாள் மூன்று பையையும் தூக்கிக்கொண்டு ஏஜென்சிக்குப் போனோம்.

"அண்ணே, இது எந்தப் பனிக்கு, எந்த ஆளுக்குன்னு பார்த்துக் குடுத்தீங்க?"

"தங்கச்சி, ஜப்பான் சாமான், ஒரிஜினல். பனியில போட்டா சரியா வரும்."

வெடித்த பூட்ஸை மேசையில் வைத்தேன். அது நாங்கள் உடைத்தது என்றார். வேலை ஒப்பந்தத்தில் ஸ்கீ கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருக்கிற பக்கத்தைக் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. "ரொம்பப் பேசினா தம்பியோட ஃபைல் நிக்கும்" என்றார். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டும் அவர் கையில்தான் இருந்தது. பொலிஸுக்குப் போகிறோம் என்று எழுந்த பிறகுதான் பாஸ்போர்ட்டுகள் மேசைக்கு வந்தன. காசு வரவில்லை.

185,000 ரூபா என்பது 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் 137 நாள் கொழுந்து. அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது. மற்ற இரண்டு வீட்டிலும் வட்டிக்கு எடுத்திருக்கிறார்கள். வெளிநாடு போனால்தான் லயத்தை விட்டு வெளியே வரலாம் என்ற பிள்ளைகளின் ஆசையைப் பார்த்தே விலை வைக்கிறார்கள். எனக்குத் தாங்க முடியாதது அதுதான்.

ஏஜென்சிக்குக் காசு கொடுப்பதற்கு முன் அது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உள்ளதா என்று பாருங்கள், தொலைபேசி 1989. விளங்காத எந்தக் கட்டணம் கேட்டாலும் அது சரியா என்று பணியகத்திடமே கேட்டுவிடுங்கள். சாமான் வாங்கினால் பில்லில் பிராண்ட், மொடல், நீளம், இடுப்பு அகலம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பில் தரவேண்டியது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதைச் சொல்கிறது. அதே சட்டத்தில் முறைப்பாட்டுக்குக் கால எல்லையும் உண்டு: விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில். நுகர்வோர் அதிகாரசபையின் எண் 1977. எங்களுக்கு அந்த எல்லைக்குள் கொடுக்க முடிந்தது, பில், வொய்ஸ் மெசேஜ், எண்கள் தெரியும்படி எடுத்த போட்டோ எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். பணியகத்துக்கும் தனியாகக் கடிதம் போயிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நீளப் பை கிடந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. வாலில் உள்ள மூன்று எண்ணையும், பைண்டிங்கையும், பூட்ஸின் அடியையும் போட்டோ எடுத்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். அது என்ன வகை, என்ன பழுது என்று எழுதித் தருகிறேன், முறைப்பாட்டோடு இணைக்கலாம். வாங்கி மூன்று மாதம் முடியப் போகிறவர்கள் இந்த வாரமே அனுப்புங்கள்.