திருகோணமலைக் காற்றுக்கு எந்த ரிமோட் விமானம்? முதன்முதலாக வாங்குகிறவருக்கு ஓர் ஒப்பீடு

முதல் ரிமோட் விமானம் வாங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். திருகோணமலையில் இருக்கிறவர் காற்றைப் பார்த்துவிட்டு விலைக்கு வரலாம். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே கச்சான் அடிக்கும். தரையிலிருந்து கடலை நோக்கி, சூடாக, சில நாட்களில் விடியற்காலையில்கூட அடங்காமல் அடிக்கும். நவம்பரில் வாடை மழையோடு வந்துவிடும். பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, கடற்காற்று எழும்பமுதல் கிடைக்கிற காலை நேரம்தான் பழகுகிறவருக்குப் பொன்னான நேரம். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் உதவுகிற விமானத்தை வாங்குவதா, வருடத்தில் மற்ற மாதங்களிலும் கொஞ்சமாவது பறக்கக்கூடியதை வாங்குவதா என்று யோசித்தாலே தெரிவு பாதி முடிந்துவிடும்.

மற்றப் பாதி, உடைந்தால் எதைக்கொண்டு ஒட்டுவது என்பது. உதிரிப்பாகம் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரவேண்டும். வருகிற வரைக்கும் விமானம் அலுமாரிக்கு மேலே கிடந்தால் பழகிய கை மறந்துபோகும். ஆகவே வீட்டிலிருக்கிற பசையால் திருத்தக்கூடிய விமானத்துக்கு நான் அதிக புள்ளி கொடுப்பேன்.

கையளவு விமானங்கள்

சிறகு முனைக்கு முனை 400 முதல் 500 மில்லிமீற்றர். வொலன்டெக்ஸ் ஸ்போர்ட் கப் 500 இந்த வகைக்கு நல்ல உதாரணம். பெட்டியைத் திறந்தால் விமானம், ரிமோட், பற்றரி, சார்ஜர் எல்லாம் உள்ளே இருக்கும். விமானத்தைச் சமநிலையில் வைத்திருக்கும் ஜைரோவும் உண்டு. எடை மிகக் குறைவு என்பதால் விழுந்தாலும் பெரிதாக உடையாது, ஆளில் பட்டாலும் பெரிய காயம் வராது. பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற பெற்றோருக்கு இதைவிட நிம்மதியான தெரிவு இல்லை.

ஆனால் எடையில்லாததுதான் இதன் குறையும். உப்புவெளிக் கரையில் சாதாரணமாக வீசுகிற பின்னேரக் காற்றே இதைப் பொலித்தீன் பையைப் போல அள்ளிக்கொண்டு போய்விடும். ஜைரோ சிறகை நிமிர்த்தி வைத்திருக்குமே தவிர, காற்றை எதிர்த்து முன்னேறுகிற வேகத்தை அதனால் கொடுக்க முடியாது. ஐம்பது அறுபது மீற்றர் தள்ளிப் போனால் மூக்கு எது வால் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கூட வருகிற ரிமோட்டை அடுத்த விமானத்துக்குப் பயன்படுத்தவும் முடியாமல் போகலாம். மார்ச் மாதக் காலையில் மைதானத்தில் விளையாட இது போதும். கலையாகப் பழக நினைப்பவருக்குச் சீக்கிரமே போதாமல் போகும்.

பின்தள்ளி நுரை விமானங்கள்

என் தெரிவு இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிறகு உடலுக்கு மேலே, மோட்டரும் விசிறியும் சிறகுக்குப் பின்னே, மூக்கு வெறும் நுரை. ஹொபிஸோன் ஏரோஸ்கவுட் இதில் சிறியது, 1,095 மில்லிமீற்றர். பிக்ஸ்லர் வகை 1,400 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் வரும். இரண்டுக்கும் மூன்று செல் 2,200 மில்லி அம்பியர் மணி லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி போதும்.

பழகுகிறவரின் விமானம் மூக்கால்தான் விழும். முன்னால் விசிறி உள்ள விமானமென்றால் அந்த விழுகையில் விசிறி உடையும், மோட்டர் அச்சு வளையும், சிலவேளை மோட்டரைத் தாங்கும் பலகையே பிய்ந்து வரும். பின்தள்ளியில் நுரை மட்டும் நசுங்கும். இந்த நுரை ஈபிஓ வகை. நசுங்கிய இடத்தில் கொதிநீரை ஊற்றினால் பெருமளவு பழைய வடிவத்துக்குப் பொங்கி வரும். முறிந்தால் கடையில் வாங்குகிற சாதாரண சுப்பர் குளூ ஒட்டும். கேக் பெட்டி, மீன் பெட்டி செய்கிற ரெஜிபோமில் அதே பசையை விட்டால் நுரை கரைந்து ஓட்டை விழுந்துவிடும். எந்த நுரை என்று பார்த்துத்தான் பசையை எடுக்கவேண்டும்.

எங்கள் கரைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புல்மோட்டையில் இல்மனைற் மணல் அகழ்கிறார்கள். அந்தக் கறுப்பு மணல் வடக்குப் பக்கக் கரைகளில் கோடுகோடாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரஷ்லெஸ் மோட்டரின் உள்ளே வலுவான காந்தங்கள் உள்ளன. இல்மனைற் காந்தத்துக்கு இழுபடும். மூக்கில் மோட்டர் உள்ள விமானம் மணலில் குத்தினால் அந்தத் துகள்கள் சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஊதினாலும் வராது. பின்தள்ளியின் மோட்டர் சிறகுக்கு மேலே உயர்ந்து நிற்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

குறை இல்லாமல் இல்லை. மோட்டர் உயரத்தில் இருப்பதால் திடீரென்று வேகத்தைக் கூட்டினால் மூக்கு கீழே அமுங்கும். புதியவர் பயந்துபோய் இன்னும் வேகத்தைக் கூட்டுவார், அது இன்னும் அமுங்கும். வேகத்தை மெதுவாகக் கூட்டப் பழகிவிட்டால் இது பிரச்சினையே இல்லை. கையால் வீசி ஏற்றும்போது விசிறி கைக்குப் பின்னால் சுழல்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. உடலின் முன்பகுதியைப் பிடித்து, அரை வேகத்தில், காற்றுக்கு எதிரே நேராக வீசுங்கள். விமானம் கையை விட்டுப் போன பிறகு முழு வேகம்.

பெரிய பயிற்சி விமானங்கள்

ஹொபிஸோன் அப்ரென்டிஸ் எஸ்டிஎஸ் போன்றவை. சிறகு 1,500 மில்லிமீற்றர், எடை ஒன்றரைக் கிலோவை நெருங்கும், பற்றரி 3,200 மில்லி அம்பியர் மணி. பறக்கிற அழகை மட்டும் பார்த்தால், இங்கே ஒப்பிடுகிற நான்கு வகையிலும் இதுதான் முதலாவது. காற்றில் அலைக்கழியாது, தூரத்திலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், தரையில் ஓடி ஏறி ஓடி இறங்கும். பக்கத்தில் பறக்கத் தெரிந்த ஒருவர் நின்று, இரண்டு ரிமோட்டை இணைத்துச் சொல்லித்தர முடியுமானால் யோசிக்காமல் இதை வாங்கலாம்.

அப்படி ஒருவர் இல்லையென்றால்தான் சிக்கல். ஓடி ஏற வெட்டிய புற்தரையோ கொங்கிரீட்டோ வேண்டும். வயலில் இறக்கினால் வரம்பில் முன்சில் மோதி, அதன் கம்பி வளைந்து, விசிறியும் போகும். ஒன்றரைக் கிலோ வேகமாக வந்து ஒருவரில் மோதினால் அது விளையாட்டு அல்ல. தனியாகப் பழகுகிறவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

கையால் செய்வது

புத்தகக் கடையில் கிடைக்கும் ஐந்து மில்லிமீற்றர் ஃபோம் போர்ட் (இரு பக்கமும் கடதாசி ஒட்டிய நுரை அட்டை), ஒரு குளூ கன், கூரான கட்டர் போதும். ஃபிளைட் டெஸ்ட் குழு டைனி ட்ரெய்னர், சிம்பிள் கப் போன்றவற்றின் வரைபடங்களை இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அதில் பூட்டுவதற்கு மோட்டர், வேகக் கட்டுப்படுத்தி, சிறகிலும் வாலிலும் உள்ள தட்டுகளை அசைக்கும் சின்னச் சேர்வோ மோட்டர்கள். இந்த இலத்திரனியல் பொருட்களை ஒரு முறை வாங்கினால் எத்தனை உடலுக்கும் மாற்றி மாற்றிப் பூட்டலாம். சிறகு போனால் ஒரு பின்னேரத்தில் இன்னொன்று. நீண்ட காலத்தில் மிக மலிவான வழி இதுதான், விமானம் ஏன் பறக்கிறது என்பதை உள்ளபடி கற்றுத்தருவதும் இதுதான்.

இருந்தாலும் முதல் விமானமாக இதை நான் சொல்வதில்லை. சிறகு கொஞ்சம் முறுகியிருந்தாலோ எடைமையம் (தாங்கினால் விமானம் மட்டமாக நிற்கிற புள்ளி) தள்ளியிருந்தாலோ விமானம் ஒரு பக்கம் சரிந்துகொண்டே போகும். பிழை கையிலா விமானத்திலா என்று புதியவரால் பிரித்தறிய முடியாது. வாடைக் காலத்து ஈரத்தில் அட்டையின் கடதாசி உரிந்து வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள். செய்து முடித்த பிறகு ஓரங்களை டேப்பால் மூடினால் தாங்கும். பின்தள்ளியில் கை படிந்தபின் இரண்டாவதாக இதைச் செய்தால் மகிழ்ச்சி பல மடங்கு.

பால்சா மரத்தில் செய்து மெதனோல் எரிபொருளில் ஓடுகிற எஞ்சின் விமானங்களைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். சத்தமும் மணமும் தனி இன்பம்தான். ஆனால் அந்த எரிபொருளை விமானத் தபாலில் அனுப்ப மாட்டார்கள். பழகும் காலத்தில் வேண்டாம்.

ரிமோட்

விமானத்தோடு வருவதா, தனியாக வாங்குவதா? முடிந்தால் தனியாக. ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற ஆறு சனல் ரிமோட் ஒன்றில் பல விமானங்களின் அமைப்பைச் சேமித்து வைக்கலாம். ரிமோட் இல்லாமல் விற்கிற விமானத்தை வாங்கி, ரிமோட் அனுப்புவதை வாங்கும் ரிசீவரைப் பூட்டுங்கள், ஜைரோ உள்ள ரிசீவர் என்றால் இன்னும் நல்லது. ஆனால் அந்த ஜைரோவை ஒரு சுவிச்சால் நிறுத்த முடிய வேண்டும். அணைக்க முடியாத ஜைரோவோடு ஒரு வருடம் பறந்தவரைவிட, அணைத்து ஒரு மாதம் பழகியவருக்குக் கை நன்றாக வரும். இடது குச்சியில் வேகம், வலது குச்சியில் ஏற்றமும் சரிவும் என்ற மோட் 2 அமைப்பையே எடுங்கள். ரிமோட்டைக் கணினியில் பொருத்தி சிமுலேற்றரில் பழகும்போதும் அதே அமைப்பில் பழகுங்கள்.

எங்கே, எப்படி

நகரத்துக்குள் இடமில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவம், துறைமுகப் பக்கம் கடற்படை, சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் ஓடுபாதையும். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு ஆளில்லா வானூர்திகளைப் பறக்கவிட நாடு முழுவதும் தடை விதித்திருந்தார்கள். இன்று சிவில் விமான சேவை அதிகாரசபையின் விதிகள் எடையைப் பொறுத்து மாறும். வாங்குமுன் அங்கே கேட்டு, தேவையான பதிவையும் அனுமதியையும் எடுங்கள். பறக்கவிடும் ஊரின் பொலிசுக்கும் காணிக்காரருக்கும் சொல்லுங்கள். சீனக்குடாவிலிருந்து நன்றாகத் தள்ளி, பெரும்போக அறுவடை முடிந்த வயல்கள்தான் மார்ச்சில் மிகச் சிறந்த இடம். விழுந்தால் தாங்கும் மென்மையான நிலம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெளி. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடமுதல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கடற்கரையில் நின்று பழகுவதை விடுங்கள். கச்சான் காலத்தில் மோட்டர் நின்றால் விமானம் போகிற ஒரே திசை கடல்தான்.

பறக்கும்போது விமானத்தை எப்போதும் காற்று வருகிற பக்கத்தில் வைத்திருங்கள், தானாகவே உங்களிடம் திரும்பி வரும். காலையில் காற்று மேற்கிலிருந்து வருமானால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னே, விமானம் வெளிச்சத்தில் கண்ணுக்கு முன்னே. பழக இதைவிட நல்ல அமைப்பு இல்லை. வாடையில் இது தலைகீழ்: காற்று வருகிற பக்கமே சூரியன், கண் கூசும். அந்த மாதங்களில் பின்னேரத்தில் பறக்கலாம்.

எடைமையத்தை வீட்டிலேயே சரிபாருங்கள். சிறகின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைக்குள், கையேடு சொல்கிற புள்ளியில் இரண்டு விரலால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்கவேண்டும். மூக்கு சற்றே கனத்தால் பரவாயில்லை, வால் கனத்தால் வீசவே வேண்டாம். ஏற்றிய பின் இரண்டு பிழை விட்டாலும் திருத்த நேரமிருக்கிற உயரத்துக்குப் போய், அங்கே அகலமான வட்டம் போடுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும். அப்போது எந்தச் சிறகு தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

ரிமோட்டில் எட்டு நிமிட மணி வைத்து, அது அடித்ததும் இறக்குங்கள். இறக்கிய பற்றரி ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அடுத்த முறை ஆறு நிமிடம். அன்று மறுபடி பறக்காவிட்டால் 3.8 வோல்ட்டில் வைத்து, வெயிலில் நிற்கிற மோட்டார் சைக்கிளின் சீற்றுக்கு அடியில் விடாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஜைரோவோடு நேராக, இடமாக, வலமாகப் போய் நினைத்த இடத்தில் இறக்க முடிகிற வரைக்கும் வேறெதுவும் வேண்டாம். அதன் பிறகு உயரத்தில் ஒரு முறை சுவிச்சைத் தட்டி ஜைரோவை நிறுத்திப் பாருங்கள், தடுமாறினால் உடனே போடுங்கள். ஒவ்வொரு காலையும் அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டினால் ஏப்ரல் முடியமுதல் ஜைரோ இல்லாமலே இறக்கலாம்.