கோத்தகிரில ரெண்டு நாள் ட்ரெய்னிங் போனேன், 5க்கு 3 ஸ்டார்

அடுத்த வருஷம் எங்க காலேஜுக்கு புது பிரின்சிபால் எடுக்கணும், அதனால ட்ரஸ்ட்ல நாலு பேர இதுக்கு அனுப்பிச்சாங்க. பிரின்சிபால், துணைவேந்தர் மாதிரி பதவிக்கு ஆள எப்படி கணக்கு போட்டு எடுக்குறதுன்னு கிளாஸ். நடத்துனவங்க பேர் வேணாம், ஏன்னா குறையும் சொல்லப்போறேன்.

சொல்லிக்குடுத்தது ஏஹெச்பி (அனலிட்டிக் ஹையரார்க்கி ப்ராசஸ்), பல தகுதிகள எடை போட்டு ஆள முடிவு பண்ற முறை. 1970கள்ல தாமஸ் சாட்டினு ஒரு கணக்கு வாத்தியார் கொண்டுவந்த முறை. தகுதிகள ரெண்டு ரெண்டா எடுத்து, இது அத விட எவ்ளோ முக்கியம்னு 1ல இருந்து 9 வரைக்கும் நம்பர் போடணும், அவ்ளோதான்.

எங்க டேபிள்ல ஆராய்ச்சி, நிர்வாகம், அனுசரிச்சுப் போற குணம்னு மூணு வச்சோம். எங்க சேர்மன் ஐயா ஆராய்ச்சிக்கு நிர்வாகத்த விட 5 போட்டாரு, நிர்வாகத்துக்கு அனுசரணைய விட 3, அப்புறம் வர்க்கிய டீல தொட்டுக்கிட்டே அனுசரணைக்கு ஆராய்ச்சிய விட 3ன்னுட்டாரு! போட்ட நம்பருங்க ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ இடிக்குதுன்னு முரண்பாடுன்னு ஒரு கணக்கு இருக்கு, அது 0.1க்குள்ள இருக்கணுமாம், எங்களுக்கு வந்தது 1.58. ட்ரெய்னர் பையன் "ஐயா, சுத்தி ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துட்டீங்க"ன்னான். ஐயா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு, "யாரு வேணும்னு மனசுல வச்சுக்கிட்டுதான் தம்பி நம்பர் போட்டேன்"னு ஒத்துக்கிட்டாரு. குடுத்த காசு அந்த ஒரு நிமிஷத்துக்கே சரியாப்போச்சு. திரும்ப ஆராய்ச்சிக்கு நிர்வாகத்த விட 3, நிர்வாகத்துக்கு அனுசரணைய விட 2, ஆராய்ச்சிக்கு அனுசரணைய விட 5ன்னு போட்டோம், ஆராய்ச்சி 65, நிர்வாகம் 23, அனுசரணை 12 சதவீதம்னு வந்துச்சு. இந்த எடைய வச்சுத்தான் ஆளுங்களுக்கு மார்க் போட்டு வரிசப்படுத்தணும்.

இப்ப குறை. ஒரு ஆள் லிஸ்ட்ல புதுசா சேந்தாலோ விலகுனாலோ மிச்ச பேரோட வரிசையே தலைகீழாகலாம், 1983லயே பெல்டன், கியர்னு ரெண்டு பேரு இத எழுதிட்டாங்க. நான் கேட்டதுக்கு "டீ பிரேக்குக்கு அப்புறம் பாக்கலாம் சார்"னாங்க, டீ அஞ்சு தடவ வந்துச்சு, பதில் வரல. அதுவும் துணைவேந்தர் விஷயத்துல 2018 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி தேடல் குழு 3லருந்து 5 பேர் பட்டியல்தான் குடுக்கும், வேந்தர் அதுல ஒருத்தர எடுப்பாரு, அந்த எடத்துல நம்ம மார்க்குக்கு என்ன மரியாதைன்னு கேட்டா சிரிக்கிறாங்க.

சாப்பாடு ஓகே. மத்தியானம் மஞ்சு எறங்குனதும் கரண்ட் போயிடுச்சு, ஜெனரேட்டர் கெடயாது, பேப்பர்லதான் கணக்கு போட்டோம். போறவங்க லேப்டாப்ப ஃபுல் சார்ஜ் பண்ணிட்டு போங்க, ஸ்வெட்டர் ரெண்டு.